கராஜ் பிளக்கைப் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் அடித்தால் போதும். உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவு என்று திருகோணமலைக் கரையோரமாக இருக்கிற வீடுகளில், கராஜுக்குள் இருக்கும் ஒற்றைப் பிளக் பொயிண்டால் வீடு முழுக்க இருட்டாகிவிடும். பிரிட்ஜ் நிற்கும், வைஃபை போகும், ட்ரிப் சுவிட்சை மேலே தள்ளத் தள்ளக் கீழே விழும். பிறகு நடப்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. "சுவிட்ச் பழுது, மாத்துங்கோ" என்று யாரோ சொல்ல, புது ஆர்.சி.சி.பி. (ட்ரிப் சுவிட்சின் கடைப் பெயர்) ஒன்று வரும். அதுவும் விழும். கடைசியில் ஒருவர் 30 மில்லி அம்பியர் சுவிட்சைக் கழற்றிவிட்டு 100 அல்லது 300 மில்லி அம்பியர் போட்டுக் கொடுப்பார். விழுவது நின்றுவிடும். பிழை இருந்த இடத்திலேயே இருக்கும். ஆளைக் காப்பாற்றும் வேலைதான் போய்விடும்.

சுவிட்ச் பழுதாகியே விழுவது குறைவு. எப்போது விழுகிறது, எதைப் போட்டால் விழுகிறது என்று கவனித்துவிட்டால் பாதித் தேடல் முடிந்த மாதிரி. அதனால் கீழே எல்லாவற்றையும் அறிகுறி வாரியாகவே தருகிறேன்.

முதலில் அந்தச் சுவிட்ச் எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்வோம். லைவில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமா என்று மட்டும்தான் அது பார்க்கும். வித்தியாசம் வந்தால் அந்த அளவு கரண்ட் வேறு வழியாக, அதாவது ஏர்த் வயராலோ ஈரச் சுவராலோ ஒரு ஆளின் உடம்பாலோ, மண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம். 30 மில்லி அம்பியர் வகை, 15க்கும் 30க்கும் இடையில் எங்காவது விழும். கசிவு 30 என்றால் 0.3 வினாடிக்குள்ளும், 150 என்றால் 0.04 வினாடிக்குள்ளும் விழவேண்டும். ஓவர்லோடு, ஷோர்ட் இரண்டும் அதன் கண்ணுக்குத் தெரியாது, அவற்றுக்கு எம்.சி.பி. என்ற பிரேக்கர் இருக்கிறது. ஒரு கையில் லைவையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்த ஆளையும் அது காப்பாற்றாது. போன கரண்ட் ஒழுங்காகத்தானே திரும்பி வருகிறது!

இன்னொன்று. நம் வீடுகளுக்கு வெளியிலிருந்து வருவது லைவும் நியூட்ரலும்தான். ஏர்த் என்பது நம் வளவு மண்ணில் நாமே அடித்த உலோக ரொட். அந்த ரொட்டின் தடை 50 ஓம் என்று வையுங்கள். கருவியின் இரும்பு உடம்பில் லைவ் தட்டினால் ஓடுவது 230 வகுத்தல் 50, அதாவது 4.6 அம்பியர். 20 அம்பியர் பிரேக்கர் அதற்கு அசையவே அசையாது. இரும்பு உடம்பு லைவாகவே நிற்கும். ஆகவே ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டு "எம்.சி.பி. இருக்குத்தானே" என்று சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

கைவைக்க முன்னர்

பிளக்கைக் கழற்றுவது, பிரேக்கரை ஏற்றி இறக்குவது, டெஸ்ட் பட்டனை அழுத்துவது, கண்ணால் பார்ப்பது ஆகியவற்றை வீட்டுக்காரர் செய்யலாம். பிரேக்கர்கள் எல்லாம் இருக்கும் டி.பி. பெட்டியின் மூடியைத் திறக்கும் வேலை எலக்ட்ரீசியனுடையது. மெயின் சுவிட்சை இறக்கினாலும் மீற்றரிலிருந்து அதற்கு வரும் வயர் உயிரோடுதான் இருக்கும். மீற்றர் சீலை யாருமே தொடக்கூடாது. ஈரத் தரையில் நின்றுகொண்டு எதுவும் வேண்டாம்.

ஒன்றும் செருகாமலே, ஏற்றிய கையோடு விழுகிறது

வீட்டில் உள்ள எல்லா எம்.சி.பி.யையும் இறக்குங்கள். ட்ரிப் சுவிட்சை ஏற்றுங்கள். நின்றால், எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் லைவ் எங்கோ ஏர்த்தைத் தொடுகிறது. கராஜ் லைன் என்றால் அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கலாம். வீடு இருட்டில் கிடக்கத் தேவையில்லை.

எல்லாவற்றையும் இறக்கியும் நிற்கவில்லையா? அவசரப்பட்டு சுவிட்சைக் குற்றம் சொல்லாதீர்கள். நம் வீட்டு எம்.சி.பி.களில் அநேகமானவை லைவை மட்டுமே வெட்டும். நியூட்ரல்கள் எல்லாம் டி.பி. பெட்டிக்குள் ஒரு பொது உலோகப் பட்டையில், அதாவது பாரில், அப்படியே இணைந்திருக்கும். கராஜில் நியூட்ரல் ஏர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், கராஜ் பிரேக்கர் இறங்கியிருந்தாலும் சுவிட்ச் விழக்கூடும். அடுத்த அறிகுறியும் இதன் உறவுதான்.

கராஜில் ஒன்றும் ஓடவில்லை. சமையலறையில் கேத்தில் போட்டால் விழுகிறது

ஆட்களை அதிகமாக ஏமாற்றுவது இந்தப் பிழைதான். அயர்ன், கேத்தில், தண்ணீர் மோட்டர் என்று பாரமான எதையாவது போட்டதும் விழும். பழி கேத்திலுக்குப் போகும். புதுக் கேத்தில் வரும். அதற்கும் விழும்.

காரணம் இது: பாரமான லோடு ஓடும்போது நியூட்ரல் வயரில் ஏர்த்தை விட ஒன்றிரண்டு வோல்ற் கூடி நிற்கும். கராஜில் எங்கோ நியூட்ரலும் ஏர்த்தும் ஒட்டியிருந்தால், திரும்பி வரும் கரண்டில் ஒரு பங்கு அந்த வழியாக ரொட்டுக்கு இறங்கிவிடும். லோடு சிறியதாக இருந்தால் அந்தப் பங்கும் சிறியது, சுவிட்ச் பொறுத்துக்கொள்ளும். கேத்தில் 2,000 வாட் இழுக்கும்போது பொறுக்காது.

எலக்ட்ரீசியன் செய்யவேண்டியது: மெயினை இறக்கி, வயர்கள் உயிரில்லை என்று டெஸ்ட் செய்து உறுதிப்படுத்தி, கராஜ் லைனின் நியூட்ரலை பாரிலிருந்து கழற்றுவது. கராஜ் பிளக்குகள் எல்லாம் வெறுமையாக இருக்க, அந்த நியூட்ரலுக்கும் ஏர்த்துக்கும் இடையில் மல்ரிமீற்றரை ஓமில் வைத்துப் பார்க்கவேண்டும். சில ஓம்கள் காட்டினால் ஆள் பிடிபட்டான். மீற்றர் ஒன்றும் காட்டாவிட்டால் பிழை இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. ஈரத்தால் வரும் கசிவு மல்ரிமீற்றரின் சின்ன பற்றரிக்குத் தெரியாது; காப்புத் தடையை 500 வோல்ற்றில் அளக்கும் மெகர்தான் காட்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அந்த லைன் சரியில்லை. நல்ல வயர் அதைவிடப் பல மடங்கு காட்டும்.

பிழை எங்கே ஒளிந்திருக்கும்? முதலில் எலக்ட்ரீசியன் பிளக் பேஸைக் கழற்றி அதன் பின்பக்கத்தைப் பார்க்கவேண்டும். பெட்டி ஆழம் போதாமல் 7/0.67 (2.5 சதுர மில்லிமீற்றர்) வயரை மடித்து அமுக்கி ஸ்குரூவை இறுக்கியிருப்பார்கள். இரும்புப் பெட்டியின் காதுக்கு அடியில் நசுங்கிய நீல வயரில், அரிசி அளவுக்குச் செம்பு தெரியும். அவ்வளவுதான் பிழை. பழைய வீடென்றால் அது கறுப்பு வயர். சிவப்பு, கறுப்பு, பச்சை ஒரு காலம், மண்ணிறம், நீலம், பச்சை மஞ்சள் இன்னொரு காலம். இரண்டும் கலந்த வீடுகள் நம் ஊரில் ஏராளம், நிறத்தை மட்டும் நம்பிக் கைவைக்காதீர்கள். பேஸில் இல்லாவிட்டால், ஹோஸ் பைப் கொழுவுவதற்குச் சுவரில் அடித்த ஆணியைப் பாருங்கள்.

மழைக்கு மட்டும் விழுகிறது, வெயில் எறித்தால் சரியாகிவிடுகிறது

"தானாச் சரி வந்திட்டுது" என்று விட்டுவிடுவதற்கு மிக வசதியான பிழை. கோடை முழுக்கக் கடற்காற்றில் வந்த உப்பும், கச்சானில் பறந்த புழுதியும் பிளக் பேஸுக்குள் படிந்து கிடக்கும். காய்ந்திருக்கும்வரை தொந்தரவில்லை. மாரியின் முதல் ஈரம் பட்டதும் அந்தப் படிவு கரண்டைக் கடத்தத் தொடங்கும். உள்ளே பார்த்தால் ஸ்குரூக்களில் பச்சை பூத்திருக்கும். எறும்புக் கூடும், பல்லி முட்டையும் இருந்தால் வியப்பில்லை.

பச்சை பூத்த பேஸை உரசித் துடைத்துத் திரும்பப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மாற்றுங்கள். வயர் நுனியையும் பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டிவிடுங்கள். திறந்த கராஜ் என்றால் தூசியும் தண்ணீரும் புகாத, மூடியுள்ள ஐ.பி. 66 பெட்டி போடுங்கள். ஆனால் அந்த எண்ணைப் பார்த்து மயங்கவேண்டாம். பெட்டியின் மேற்பக்கத்தில் ஓட்டை போட்டு, வயரைக் கூரையிலிருந்து நேரே இறக்கினால் தண்ணீரும் அதே வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும். வயர் கீழிருந்து ஏறி நுழையவேண்டும், அங்கே வயரை இறுக்கிப் பிடித்து ஓட்டையை அடைக்கும் கிளாண்ட் இருக்கவேண்டும். மேலிருந்துதான் வரமுடியும் என்றால், பெட்டியைத் தாண்டிக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே கொண்டுவாருங்கள். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

பேஸ் எல்லாம் சுத்தம், ஆனாலும் மழைக்கு விழுகிறது என்றால் ஓட்டுக்குக் கீழே, சிலிங்குக்கு மேலே பாருங்கள். டேப் மட்டும் சுற்றிய இணைப்பு ஒன்று அங்கே தொங்கிக்கொண்டிருக்கும். கேற் லைட்டையும் மறக்கவேண்டாம். கராஜ் லைனிலிருந்துதான் அநேகமாக அதற்கு இழுத்திருப்பார்கள்.

ஒரு குறிப்பிட்ட கருவியைப் போட்டால்தான் விழுகிறது

அந்தக் கருவியை வேறொரு பிளக்கில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் விழுந்தால் பிழை கருவியில். கராஜில் வழமையான குற்றவாளிகள்: கார் கழுவும் பிரஷர் வாஷர் (தண்ணீரும் மோட்டரும் ஒரே பெட்டிக்குள்), பழைய கிரைண்டர் (கார்பன் பிரஷ் தூள் உள்ளே படிந்து கடத்தும்), மீன் வைக்கும் டீப் பிரீசர். இரண்டு பின் மட்டுமே உள்ள டிரில்லில் இது குறைவு. அதற்கு ஏர்த்தே இல்லை, அதனால் கசிவுக்கு வழி கிடைக்காது. வழி கிடைக்கும் நாளில் அந்த வழி நீங்கள்தான்.

கருவியின் பிளக்கைக் கழற்றி, லைவ் நியூட்ரல் பின்கள் இரண்டையும் சேர்த்து, ஏர்த் பின்னுக்கு எதிராக மெகரால் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும். ஏர்த் வயரைக் கழற்றிவிட்டால் விழாது என்று ஒரு குறுக்குவழி உலாவுகிறது. உண்மைதான், விழாது. கருவியின் உடம்பு லைவாகிக் காத்திருக்கும்.

எந்தக் கருவி போட்டாலும், அந்த ஒரு பிளக்கில் மட்டும் விழுகிறது

பேஸின் பின்னால் நியூட்ரலும் ஏர்த்தும் மாறியிருக்கும். சும்மா இருக்கும்போது ஒன்றும் நடக்காது. லோடு போட்டதும் முழுக் கரண்டும் ஏர்த்தால் திரும்பும், உடனே விழும். மூன்று லைட் எரியும் பிளக் டெஸ்டர் இந்த மாற்றத்தைக் காட்டாது, எல்லாம் சரி என்று பச்சையாகச் சொல்லும். கழற்றித்தான் பார்க்கவேண்டும். 13 அம்பியர் பேஸை முன்னால் நின்று பார்த்தால் மேலே ஏர்த், கீழே வலப்பக்கம் லைவ், இடப்பக்கம் நியூட்ரல்.

கராஜுக்குப் புதிதாகத் தனி ஆர்.சி.பி.ஓ. (ட்ரிப் சுவிட்சும் எம்.சி.பி.யும் ஒன்றாக உள்ளது) போட்ட நாளிலிருந்து விழுகிறது

போட்டவர் கெட்டவர் இல்லை, பழைய வயரிங் கடன் வாங்கியிருக்கிறது. கராஜ் லைட்டுக்கு லைவ் கராஜ் லைனிலிருந்தும், நியூட்ரல் பக்கத்தில் கிடந்த விறாந்தை லைட்டிலிருந்தும் எடுத்திருப்பார்கள். வீட்டுக்கு ஒரே ட்ரிப் சுவிட்ச் இருந்த காலத்தில் அது தெரியாது, இரண்டும் அதற்குள்ளேதான் திரும்பின. தனியாகப் பிரித்ததும் போன கரண்ட் வேறு வாசலால் திரும்புகிறது. 9 வாட் எல்.ஈ.டி. பல்ப் கூட 40 மில்லி அம்பியருக்குக் குறையாமல் இழுக்கும்; விழுவதற்கு அது தாராளம். அந்த லைட்டின் நியூட்ரலைக் கராஜ் லைனுக்கே கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது. நிறையப் பேர் இந்தக் கட்டத்தில்தான் ஆர்.சி.பி.ஓ.வைக் கழற்றி எறிகிறார்கள்.

எப்போதாவது, காரணமே தெரியாமல்

இடி மின்னலுக்கு விழுந்து, ஏற்றியதும் நின்றால் விடுங்கள். கரண்ட் போய்த் திரும்பி வரும் நேரத்தில் விழுவதும் அப்படித்தான்.

அதற்கு வெளியே அடிக்கடி என்றால், சிறு கசிவுகள் கூடிச் சேர்ந்திருக்கின்றன. கம்ப்யூட்டர், எல்.ஈ.டி. டிரைவர், இன்வேட்டர் வொஷிங் மெசின் எல்லாவற்றின் பில்டரிலும் கொஞ்சம் கசியும்; அது பழுதல்ல. கசிவு பார்க்கும் கிளாம்ப் மீற்றரில் லைவையும் நியூட்ரலையும் ஒன்றாக உள்ளே விட்டுப் பாருங்கள். சாதாரண நேரத்தில் 9 மில்லி அம்பியருக்குள் நின்றால் நல்லது. 15ஐ நெருங்கினால் ஒரே சுவிட்சின் கீழ் கூடப் பாரம் ஏற்றியிருக்கிறீர்கள். லைன்களைப் பிரித்துத் தனித்தனி ஆர்.சி.பி.ஓ. போடுவதே மருந்து.

2025 இல் வாகன இறக்குமதி திறந்த பிறகு மின்சாரக் கார்களும் கராஜுக்குக் கூடுதலாக வரத் தொடங்கிவிட்டன. சார்ஜரிலிருந்து நேர்மின் (டி.சி.) கசிவு வரலாம், ஏ.சி. வகை ட்ரிப் சுவிட்ச் அதனால் மந்தமாகி, விழவேண்டிய நேரத்தில் விழாமல் போகலாம். சுவிட்சின் முகத்தில் ஒற்றை அலைக்கோடு மட்டும் இருந்தால் அது ஏ.சி. வகை. அலையும் அதற்குக் கீழே அரை அலைகளும் இருந்தால் ஏ வகை. 6 மில்லி அம்பியர் நேர்மின் வரை தாங்கும். சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி அம்பியர் நேர்மின் பாதுகாப்பு இருந்தால் ஏ வகை போதும், இல்லாவிட்டால் பி வகை தேவை. தனி லைன் எப்படியும் வேண்டும்.

டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழவில்லை

கரண்ட் இருக்கும்போது அழுத்திப் பார்த்தீர்களா என்று முதலில் கேட்கவேண்டியிருக்கிறது. இருந்தும் விழவில்லை என்றால் பேச்சே இல்லை, மாற்றுங்கள். கரையோரக் காற்றில் உள்ளே துரு பிடித்து இறுகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது அழுத்தாத சுவிட்சை நம்பக்கூடாது.

பட்டன் வேலை செய்கிறது, ஆனால் பிரீசரைத் தொட்டால் கூசுகிறது

எல்லாவற்றிலும் எனக்குப் பயமான அறிகுறி இது. இங்கே எதுவும் விழுவதில்லை, அதனால் யாரும் கூப்பிடுவதும் இல்லை. "செருப்புப் போட்டுக்கொண்டு திற" என்று வீட்டில் ஒரு சட்டம் வந்துவிடும். டெஸ்ட் பட்டன் ரொட்டைப் பார்ப்பதில்லை. சுவிட்சுக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது, அவ்வளவுதான். வளவில் ரொட்டே இல்லாத வீட்டிலும் அது அழகாக விழும்.

எலக்ட்ரீசியன் பேஸில் அளந்தால், லைவுக்கும் நியூட்ரலுக்கும் 230 அளவிலும், லைவுக்கும் ஏர்த்துக்கும் கிட்டத்தட்ட அதேயும், நியூட்ரலுக்கும் ஏர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ற்றும் இருக்கவேண்டும். லைவுக்கும் ஏர்த்துக்கும் 90, 120 என்று தள்ளாடினால் ஏர்த் எங்கோ அறுந்திருக்கிறது. இந்த இடத்தில் பல்ப் ஒன்றை லைவுக்கும் ஏர்த்துக்கும் கொடுத்துப் பார்க்கும் பழக்கம் பலரிடம் உண்டு. ஏர்த் அறுந்த வீட்டில் அப்படிச் செய்தால், அந்த பல்ப் வழியாக லைவ், வீட்டிலுள்ள எல்லா இரும்பு உடம்புக்கும் போய்விடும். அந்த நேரம் பார்த்து ஒருவர் பிரிட்ஜைத் திறந்தால் என்னாகும்? செய்யவிடாதீர்கள்.

பிறகு ரொட்டைப் போய்ப் பாருங்கள். கிளாம்ப் உப்பில் தின்னப்பட்டு, வயர் தனியே நிற்பதைப் பலமுறை காணலாம். ரொட் சரியாக இருந்தாலும் ஆவணி மாதக் காய்ந்த மணலில் அதன் தடை ஏறிவிடும். 30 மில்லி அம்பியர் சுவிட்ச் இருந்தால் கணக்குப்படி 1,667 ஓம் வரை உடம்பில் 50 வோல்ற்றுக்கு மேல் நிற்காது. ஆனால் 200 ஓமைத் தாண்டிய ரொட் நிலையானதல்ல, கோடைக்கு எங்கே போய் நிற்கும் என்று சொல்லமுடியாது. ஆழமாக அடியுங்கள், போதாவிட்டால் ரொட்டின் நீளத்துக்குக் குறையாத தூரத்தில் இரண்டாவதை அடித்து இணையுங்கள். கிணற்றடித் தண்ணீர் ஓடும் வாழைப் பாத்தி ஓரம் நல்ல இடம், வருடம் முழுக்க ஈரம் இருக்கும். உப்புக் கொட்டுவது பழைய வைத்தியம்; ரொட்டையும் கிளாம்பையும் சேர்த்து அரித்துவிடும்.

திரும்ப வயரிங் செய்வதென்றால்

கராஜுக்கு டி.பி. பெட்டியிலிருந்து தனி லைன்: 20 அம்பியர், 30 மில்லி அம்பியர், ஏ வகை ஆர்.சி.பி.ஓ.; 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், அதாவது கடையில் 7/0.67 என்று கேட்பது. ஏர்த் வயரும் கூடவே. இப்படிச் செய்தால் கராஜில் எது நடந்தாலும் பிரிட்ஜ் ஓடும். மேலதிகச் செலவு, புளித்துப்போன ஒரு பிரீசர் மீனின் விலைக்கு மேல் வராது என்பது என் அபிப்பிராயம். பேஸை நெஞ்சளவு உயரத்தில் வையுங்கள். பெட்ரோல் ஆவி காற்றை விடப் பாரம், தரையோடு தவழும்; வெள்ளமும் கீழிருந்துதான் வரும். ஒரு 13 அம்பியர் பிளக்கில் 3,000 வாட்டுக்கு மேல் எடுக்கமுடியாது, ஆகவே பெரிய வெல்டிங் பிளான்டை அதில் கொழுவவேண்டாம்.

கனடாவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த ஜி.எஃப்.சி.ஐ. (ட்ரிப் சுவிட்ச் உள்ளே வைத்த) பிளக் பேஸ் வீட்டில் கிடக்கிறதென்றால், அலுமாரியிலேயே கிடக்கட்டும். 5 மில்லி அம்பியர் அளவிலேயே விழும் நல்ல பொருள்தான், ஆனால் அங்குள்ள 120 வோல்ற்றுக்குச் செய்தது. நம் 230க்கு அது ஆகாது, பின்னும் பொருந்தாது. ட்ரிப் சுவிட்ச் உள்ளேயே பொருத்திய 13 அம்பியர் பேஸ்கள் நம் அளவிலும் வருகின்றன. பழைய வீட்டில் டி.பி. பெட்டியைத் தொடாமல் ஒரு இடத்தை மட்டும் பாதுகாக்க அவை உதவும். அதிலும் வரும் வயர், போகும் வயர் என்று பின்னால் குறித்திருந்தால் மாற்றிக் கொடுக்கக்கூடாது.

வேலை முடிந்ததும் எலக்ட்ரீசியனிடம் மூன்று எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: வயரின் காப்புத் தடை எத்தனை மெகா ஓம், ரொட் எத்தனை ஓம், சுவிட்ச் 30 மில்லி அம்பியரில் எத்தனை மில்லி வினாடியில் விழுந்தது. டி.பி. மூடியின் உட்பக்கத்தில் திகதியோடு ஒட்டி வையுங்கள். அடுத்த மாரிக்கு வருபவர் அதிலிருந்து தொடங்கலாம்.